பெக்கர் பிகே2 கத்தி: வாயை மெலிய வைத்து ஓட்டியதில் கண்டது

மலைக்காட்டான் (தாண்டிக்குடி)

கா-பார் கம்பெனி செய்யுற பெக்கர் பிகே2 கத்தி பத்தி இங்க ஏற்கெனவே நிறைய விவாத இழை இருக்கு. எல்லாமே பெட்டி பிரிச்ச அன்னைக்கு எழுதினது. "என்னா கனம், என்னா கெத்து"ன்னு நாலு படம் போட்டதோட முடிஞ்சிடும். அதே கத்தி வருஷக்கணக்கா தோட்டத்துல கிடந்து, மழையில நனைஞ்சு, திரும்பத் திரும்பத் தீட்டுப்பட்ட பிறகு எப்படி ஆகுதுன்னு யாரும் எழுதக் காணோம். அதனால இந்த இழை.

தெரியாதவங்களுக்கு: அலகு 5.25 அங்குலம். முதுகு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. இரும்பு 1095 க்ரோ-வேன், அதாவது கொஞ்சம் குரோமியமும் வனேடியமும் கலந்த கரி இரும்பு, துருப்பிடிக்கும் ரகம். பிடியோட கடைசி வரைக்கும் ஒரே இரும்பு ஓடும்.

என் வேலை காபித் தோட்டம். நிழல் மரத்துக் கொம்பு கழிக்கிறது, சில்வர் ஓக் விறகைப் பிளக்கிறது, மிளகுக் கொடி ஏத்துறதுக்கு முள்முருங்கைப் போத்து வெட்டுறது, முளைக்குச்சி சீவுறது, மலைவாழைத் தார் இறக்குறது. விறகு பிளக்கிறதுன்னா அலகைக் கட்டை மேல வச்சு, முதுகுல இன்னொரு கட்டையால அடிக்கிறது. அந்த வேலைக்கு இந்தக் கத்தி பிறவி எடுத்த மாதிரி. அடிக்க அடிக்க உள்ளே போகும், 6 மி.மீ. தடிமன் ஆப்பு வேலை பாத்து மரத்தைப் பிரிச்சுடும்.

முளைக்குச்சி சீவும்போதுதான் தகராறு. கையில முடி மழிக்கிற அளவுக்குக் கூர் வச்சாலும் மரத்துக்குள்ள இறங்கவே மாட்டேங்கும். சீவல் சுருண்டு வராம உடைஞ்சு உடைஞ்சு வரும். தடிமன் அளக்குற வெர்னியர் வச்சுப் பாத்தேன். சரிவு முடிஞ்சு வாய் தொடங்குற இடத்துல தடிமன் 1 மி.மீ.யை ஒட்டி இருக்கு. இது குறை இல்ல, அடி வாங்குற வேலைக்குன்னு அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. ஆனா எனக்கு நாள்ல பாதி வேலை சீவுற வேலை.

அதனால கொஞ்சம் கொஞ்சமா மெலிய வச்சேன். மெஷின் தொடவே இல்ல, எல்லாம் உப்புத்தாளும் தண்ணியும்தான். இப்ப பிடிப்பக்கம் ஒன்றரை அங்குல நீளத்துக்குத் தடிமன் 0.5 மி.மீ. நடுவுல 0.7. நுனியை விட்டுட்டேன், அது பழைய தடிமன்லயே இருக்கு. வாய் இப்ப தட்டைச் சரிவு இல்ல, லேசா உப்பின சரிவு.

முளைக்குச்சி இப்ப நாலே சீவல்ல முனை வந்துடுது. விறகு பிளக்கிறதுல வித்தியாசம் தெரியல. இத்தனை நாள்ல வாய் உடைஞ்சு பல் விழல. ஒரு தடவை பழைய வேலிக்கம்பத்துக்குள்ள இருந்த ஆணியில மோதி வாய் மடங்குச்சு, உடையல. ஸ்குரூ டிரைவர் தண்டால உருட்டி நிமித்திட்டு, அப்புறம் தீட்டிக்கிட்டேன்.

மத்தவங்க எப்படி வச்சிருக்கீங்க?

புதுசு_கண்ணன் (ஓசூர்)

அண்ணே, நானும் போன மாசம்தான் இதே கத்தி வாங்கினேன். ரெண்டு கேள்வி. எத்தனை டிகிரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என்கிட்ட கோணம் பாக்குற கருவி எதுவும் இல்ல. அப்புறம், இதை நம்ம ஊர் சாணைக் கடையில குடுத்தா பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாங்களே, எதுக்கு உப்புத்தாள்ல உக்காந்து தேய்க்கணும்?

உலோகன் (கோவை)

கண்ணன், கருவி வேண்டாங்க. வெர்னியர் ஒண்ணு இருந்தாப் போதும். வாய்ச்சரிவு தொடங்குற இடத்துல தடிமனை அளங்க. அதுல பாதி எடுத்து, சரிவோட அகலத்தால வகுங்க. வர்ற எண்ணுக்கு சைன் தலைகீழ் (sin⁻¹) போட்டா ஒரு பக்கக் கோணம் வந்துரும். தடிமன் 1 மி.மீ., சரிவு அகலம் 1.5 மி.மீ.ன்னா 0.5-ஐ 1.5-ஆல வகுத்தா 0.33. கிட்டத்தட்ட 19.5 டிகிரி. போன்ல இருக்கிற கால்குலேட்டரே போதும்.

இதுலயே இன்னொரு விஷயமும் இருக்குதுங்க. மலைக்காட்டான் சொல்றது கோணம் இல்ல, தடிமன். ரெண்டும் வேற வேற. பெரும்பாலானவங்க குழப்பிக்கிறது இங்கதான். 1 மி.மீ. தடிமன்ல 20 டிகிரியை 15 ஆக்கினா சரிவு 1.5-லேர்ந்து 1.9 மி.மீ. ஆகும். மரத்துக்கு வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும், ஏன்னா அந்த 1 மி.மீ. தோள், அதாவது வாய்ச்சரிவு தொடங்குற இடம், இன்னும் அங்கயேதான் நிக்குது. கோணத்தை 20-லயே விட்டுட்டுத் தடிமனை 0.6-க்குக் கொண்டு வந்தீங்கன்னா சரிவு 0.9 மி.மீ.தான். வாயோட முனை அதே பலத்துல இருக்கும், பின்னாடி தடுக்கிறது நல்லாவே குறைஞ்சு போயிருக்கும்.

நீண்டகாலம் வச்சிருக்கிறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. தீட்டத் தீட்ட வாய் முதுகுப் பக்கமா ஏறும். ஏற ஏற தடிமன் கூடும். வாய்க்கு மேல முதுகு வரைக்கும் போற பெரிய சரிவோட உயரம் 35 மி.மீ.ன்னு வச்சுக்குங்க. அதுக்குள்ள 1-லேர்ந்து 6.35 வரைக்கும் போகுது. அப்ப உயரத்துல 1 மி.மீ. தேஞ்சா வாய்க்குப் பின்னாடி 0.15 மி.மீ. கூடிப்போகும். வாயை மட்டும் தீட்டிட்டு, தோளைத் தொடாம விட்ட கத்தி வருஷா வருஷம் மொத்தமாகும். "முன்ன மாதிரி வெட்டலையே"ன்னு ஜனங்க இரும்பைத் திட்டுவாங்க.

சாணைக் கடை விஷயம் கொஞ்ச நேரம் கழிச்சு எழுதறேன், ஷிப்ட் மாறுது.

பட்டறை_செல்வம் (திருப்பாச்சேத்தி பக்கம்)

எல்லாம் சரிண்ணே, குறுக்க ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. அம்புட்டுக் காசு குடுத்துக் கடல் தாண்டி ஒரு கத்தி வாங்கி, அதைத் தேச்சு மெலிய வச்சு, கடைசியில முளைக்குச்சி சீவுறதுக்கா? எங்க பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டையில அடிக்கிற அரிவாளுக்கு அதுல பத்துல ஒரு பங்கு விலைகூட வராது. வேலையும் அதேதான் பாக்கும்.

தொழில்காரனாச் சொல்றேன். நம்ம அரிவாளுக்கு வாய்ப்பக்கம் மட்டும்தான் தோய்ச்சல், அதான் சூட்டோட முக்கிக் கடினமாக்குறது. முதுகு பச்சை இரும்பாவே கிடக்கும். அதனால அடி தாங்கும், உடையாது. மழுங்கினா தோட்டத்துலயே அரத்தை எடுத்து ரெண்டு இழு இழுத்தா வாய் வந்துரும். இந்தச் சீமைக் கத்தியை அரத்துல இழுத்துப் பாருங்க.

மலைக்காட்டான்

செல்வம் அண்ணே, என்கிட்டயும் அரிவாள் இருக்கு, அதுவும் உங்க பக்கத்துச் சரக்குதான். கொம்பு கழிக்க அதைத்தான் எடுக்குறேன். கனம் முன்னாடி இருக்கிறதால வீச்சு வேலைக்கு பிகே2 கிட்டயே வராது. அதுல எனக்கு எந்த வாதமும் இல்ல.

ஆனா முதுகுல அடிச்சுப் பிளக்கிறதுக்கு அரிவாள் தோதுப்படாது. நுனி வளைஞ்சிருக்கிறதால அடிக்கிற இடம் ஓரத்துக்குப் போயிடும். பிடி நுழையிற இடத்துல ஆட்டம் குடுக்கும். ஒரு மழைக்காலம் அப்படி அடிச்சா பூண் கழண்டுக்கும். அப்புறம், பிடிப்பக்கம் வாயில விரலை ஒட்டி வச்சுச் சீவுற வேலைக்கு அரிவாள் கையை விட்டுத் தள்ளி நிக்குது.

அரம் பிகே2-வையும் கடிக்கும். ஆனா அரம்தான் சீக்கிரம் தேயும்.

உலோகன்

செல்வம் சொன்னது இரும்புக் கணக்குல ரொம்பச் சரிங்க. லாரி ஸ்பிரிங் பட்டையில கரி அளவு 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1095-ல 0.95. கரி கம்மியா இருந்தா அடி தாங்கும் குணம் கூடும். கரி கூடுனா இரும்புக் கார்பைடு கூடுதலா இருக்கும், வாய் தேயிறது மெதுவாகும். பிகே2 முழுக்கப் பதம் போட்டது, கடினம் ராக்வெல் அளவுல 56–58. இவ்வளவு தடிமன் வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கறேன், முதுகும் விறைப்பா இருக்கிறதால பக்கவாட்டு அடிக்குத் தடிமன்தான் காவல்.

சந்தோஷமான செய்தி என்னன்னா 1095-ல இருக்கிறது இரும்புக் கார்பைடு மட்டும்தான்னு சொல்லலாம், வனேடியம் துளியூண்டு. இரும்புக் கார்பைடு ஆற்றுமணல்ல இருக்கிற குவார்ட்ஸோட கிட்டத்தட்டச் சம கடினம். அதனால நல்ல மணற்கல் கிடைச்சாக்கூடத் தீட்டிக்கலாம். வனேடியம் நிறைய இருக்கிற இந்தக் கால ஸ்டீலுக்கு அது நடக்காது, வைரத்தகடு வேணும்.

இப்ப சாணைக் கடை. காய்ஞ்ச சாணைச் சக்கரத்துல வாய் மாதிரி மெல்லிசான இடம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள சூடாகும். இரும்பு மேல வைக்கோல் நிறம் தெரிஞ்சா 220–230 டிகிரி, ஊதா தெரிஞ்சா 280, நீலம் தெரிஞ்சா சுமார் 300. நீலம் கண்ணுக்குத் தெரியற இடம் 300-ன்னா, முனையில அதுக்கும் மேல போயிருக்கும். அந்த இடத்துல போட்டிருந்த பதம் இறங்கிரும். கூர் வரும், நிக்காது. எல்லாக் கடையும் அப்படி இல்லீங்க, தண்ணி சொட்ட விட்டு மெதுவாப் பிடிக்கிறவங்களும் இருக்காங்க. நேர்ல நின்னு பாத்துட்டுக் குடுங்க.

புதுசு_கண்ணன்

சார், நீங்க எழுதறதுக்கு முன்னாடியே குடுத்துட்டு வந்துட்டேன்... நுனிப்பக்கம் ஒரு விரக்கடை நீளத்துக்கு மயில் கழுத்து மாதிரி நீலம். போச்சா?

உலோகன்

போகலீங்க. நீலம் வந்த இடம் வாயை ஒட்டித்தானே இருக்குது? அந்த ஓரத்தைத் தண்ணி ஊத்தி ஊத்திக் கையால தேச்சு எடுத்துட்டா உள்ள நல்ல இரும்பு இருக்கும். நிறம் மட்டும் போறது கணக்கில்ல, நிறம் மேல்தோல்தான். தீட்டிட்டுக் காய்ஞ்ச கணுவுல வெட்டிப் பாருங்க. வாய் மடங்குச்சுன்னா இன்னும் கொஞ்சம் எடுக்கணும். மடங்காம நின்னா நிறுத்திக்கலாம்.

ஸ்கார்பரோ_ரூபன் (டொராண்டோ)

வணக்கம் எல்லாருக்கும். நான் கனடாவில இருக்கிறன், குளிருக்குள்ளயும் முகாம் போடப் போற ஆள். மலைக்காட்டான் அண்ணை சொல்லுற மெலிய வைக்கிற வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா இஞ்சத்த குளிருக்கு ஒரு எச்சரிக்கை சொல்லோணும்.

மைனஸ் 20-இல இரும்பு முறியிற குணம் கூடும். மேப்பிள் கணு உறைஞ்சா கல்லு மாதிரி. அதுக்குள்ள 0.5 மி.மீ. வாயை அடிச்சு இறக்கினா மடங்காது, உடையும். கோடாலிக்காரர் குளிருக்குள்ள வேலை தொடங்க முன்னம் வாயைச் சூடாக்கிப்போட்டுத்தான் கொத்துறவை. நானும் கத்தியை உறையோட ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்திட்டுத்தான் எடுக்கிறது.

இன்னொண்டு. குளிருக்குள்ள கிடந்த கத்தியை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா ஐந்து நிமிசத்தில வேர்த்துப் போகும். அதை அப்பிடியே உறைக்குள்ள போட்டால் விடியத் துரு. துடைச்சு, வெளியில வச்சு, வெப்பநிலை சமனான பிறகுதான் எண்ணெய் பூசோணும்.

உண்மையைச் சொன்னால் நான் பிகே2 பாவிக்கிறதில்லை. மோரா கார்பர்க் எண்ட கத்தி வச்சிருக்கிறன், முதுகு 3.2 மி.மீ. தான். அதுவும் பிடிக்கடைசி வரைக்கும் இரும்பு. கையளவு விறகு பிளக்க அது காணும். பெரிய விறகுக்குக் கோடாலி இருக்கு. 6.35 மி.மீ. ஏன் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

மலைக்காட்டான்

ரூபன், கோடாலி கூட வர்ற இடத்துல நீங்க சொல்றது சரி. நான் போற சரிவுல ரெண்டு கைக்கும் வேலை இருக்கும், இடுப்புல ஒண்ணுதான் தொங்கும். அந்த ஒண்ணு எதுங்கிறதுதான் கேள்வி. 4 மி.மீ.ல இதே கத்தி இருந்தா ஒருவேளை அதை எடுத்திருப்பேன். இதைத்தான் என் மச்சான் வாங்கிட்டு வந்தாரு, அப்புறம் கை பழகிடுச்சு.

பாராங்_மணி (சுங்கை சிப்புட், மலேசியா)

இழையை இப்பதான் பாத்தேன். மலைக்காட்டான் பிடிப்பக்கம் மெலிசு, நடுவுல தடிமன்னு வச்சிருக்காரே, எங்க ஊர் வெட்டுக்கத்தி பாராங் பரம்பரையா அப்படித்தான். பிடிப்பக்கம் சீவ, நடு வெட்ட, நுனி தோல் உரிக்க. ஒரே வாய்ல மூணு கோணம். கிழவனுங்க யாரும் டிகிரி பேசுனதில்ல. கட்டைவிரலை வாய் மேல குறுக்கால தடவிப் பாத்து, "இங்க இன்னும் ஏறணும்"னு சொல்வாங்க.

எங்களுக்கும் லொரி ஸ்பிரிங்தான். பாராங் வாய் எப்பவும் உப்பின சரிவுதான். தட்டையா வச்சா ஈர மரத்துல சிக்கிக்கும், இழுக்க முடியாது. உப்பியிருந்தா மரத்தைப் பக்கவாட்டுல தள்ளிட்டு வெளிய வந்துடும். ரப்பர் மாதிரிப் பாலும் ஈரமும் உள்ள மரத்துல இது உடனே தெரியும்.

கூர்பித்தன் (சென்னை)

எனக்கு இந்த 20 டிகிரி கதையே ஒத்துவராது. கோணம் பூட்டி வைக்கிற ஸ்டாண்டுல ஒரு பக்கம் 15 டிகிரி போட்டு, 3000 நம்பர் நைஸ் கல் வரைக்கும் ஏத்தி, தோல்ல இழுத்து வச்சிருக்கேன். தொங்குற தலைமுடியை வச்சா ரெண்டா நிக்கும். கத்தின்னா அப்படி இருக்கணும்.

பட்டறை_செல்வம்

தலைமுடி வெட்டத்தேன் கத்தி வாங்குனீகளா தம்பி?

கூர்பித்தன்

கிண்டல் வேண்டாம் அண்ணா, கூர்ன்னா கூர்தான்.

உலோகன்

ரெண்டு பேரும் பொறுங்க. 15 டிகிரி தப்பில்லீங்க, 57 ராக்வெல் இரும்பு சமையல் வேலைக்கு அதைத் தாராளமாத் தாங்கும். காய்ஞ்ச கணு, மூங்கில் முட்டு, முதுகுல அடி, இதெல்லாம் வர்ற வேலைக்குக் கடைசி முனை 20-லேர்ந்து 22 வரைக்கும் இருக்கட்டும். அதுக்கு மேல தோளைக் குறைங்க. 3000 வரைக்கும் ஏத்துற விஷயத்துல எனக்கு வேற கருத்து. கயிறு, கொடி, நார் அறுக்கிறவங்களுக்கு 400–600-ல நிறுத்தினா வாய்ல கண்ணுக்குத் தெரியாத அரம் மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும். பளபளன்னு ஏத்துனா ஈரக் கயிறு மேல வழுக்கும். மரம் அழுத்திச் சீவறதுக்கு ஏத்தறது நல்லது. எந்த வேலைன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

புதுசு_கண்ணன்

மலைக்காட்டான் அண்ணே, நீங்க தேச்ச முறையை வரிசையா எழுதுங்களேன். பக்குவமா எழுதுங்க, எனக்கு இன்னும் பயம் போகல.

மலைக்காட்டான்

எழுதறேன்.

முதல்ல மேல இருக்கிற கறுப்புப் பூச்சு. மரத்துல உரசும், சீவும்போது இழுக்கும். பெயிண்ட் எடுக்குற ஜெல் தடவி, கையுறை போட்டு, வெளிக்காத்துல வச்சு எடுத்தேன். வேண்டாம்னா விட்டுடலாம், வாய் ஓரத்துல தானாவே போயிடும்.

பலகை மேல பழைய மவுஸ் பேடை ஒட்டினேன். அது மேல ஈர உப்புத்தாள், 120 நம்பர். கத்தியைப் படுக்க வச்சு, முதுகு முன்னால போற மாதிரி இழுக்கணும். வாயை முன்னால தள்ளினா தாளை அறுத்துடும். மவுஸ் பேட் அமுங்குறதாலதான் சரிவு தானா உப்பலா வருது. கையை ரொம்ப அழுத்தினா பேட் எழும்பி வாயைச் சுத்திக்கிட்டு முனையை உருட்டிடும், அதனால கத்தியோட கனமே போதும்.

மார்க்கர் பேனா இல்லாம இதைத் தொடவே தொடாதீங்க. வாயிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு பூசிட்டு நாலு இழு. கறுப்பு எங்க போயிருக்கோ அங்கதான் தேயுது. தொடக்கத்துல தோள்ல மட்டும் போகணும், முனையில கறுப்பு அப்படியே இருக்கணும். முனையைத் தொடாம தோளை மட்டும் இறக்குறதுதான் வேலையில முக்கால்வாசி. அடிக்கடி வெர்னியர் வைக்கணும். ரெண்டு பக்கமும் இழுப்பு சமமா இருக்கணும், இல்லன்னா வாய் ஒரு பக்கமாச் சாஞ்சுக்கும். வலது கைக்காரங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாத் தேயும், கறுப்பைப் பாத்தா தெரிஞ்சிடும்.

வேணுங்கிற தடிமன் வந்த பிறகு 220, 400, வேணும்னா 800. கடைசித் தாள்ல மட்டும் முனை வரைக்கும் கறுப்பு போற மாதிரி. ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு விரல்ல தட்டுப்பட்ட பிறகு அடுத்த பக்கம். பிசிறை எடுக்கப் பழைய தோல் பெல்ட்டுல பச்சை பஃபிங் சோப்பு. முழுசும் ஒரே உட்காருல முடிக்கணும்னு இல்ல. சாயங்காலம் சாயங்காலமா தேச்சேன், ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு.

முதுகு விளிம்புல ஒரு துண்டு இடத்தை அரத்தால சதுரமா ஆக்கி வச்சேன், தீ மூட்டுற தீப்பொறிக் கம்பியை உரச. பிடி ஈரக்கையில வழுக்குதுன்னு சைக்கிள் டியூப் துண்டு மாட்டினேன். பிடியைக் கழட்டாதீங்கன்னு சொல்றவங்க உண்டு. நான் மழைக்காலம் முடிஞ்சதும் மூணு போல்ட்டையும் கழட்டி உள்ள எண்ணெய் விடறேன். ஈரம் அங்கதான் போய் உக்காருது.

நெறியாளர்

இரண்டு குறிப்பு. பொது இடத்தில் எடுத்துச் செல்வது பற்றித் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வரும் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிப் பேசுகின்றன. வீட்டு, விவசாய வேலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தக் கத்தி அந்த அளவுகளுக்கு உட்பட்டதுதான். அதற்காகப் பேருந்து நிலையத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், காவலர் கேட்டால் அளவுகோல் உதவாது. பையின் அடியில் உறையோடு வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது.

இரண்டாவது, காப்புக் காட்டில் விறகு வெட்டுவது வனச்சட்டப்படி குற்றம். சோதனை எல்லாம் சொந்த நிலத்திலோ விறகுக்கடைக் கட்டையிலோ நடக்கட்டும்.

பாராங்_மணி

இங்கயும் அப்படித்தான். தோட்டத்துல பாராங் இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, ரோட்டுல காரணமில்லாம வச்சிருந்தா 1958-ஆம் வருஷச் சட்டத்துல தூக்கிடுவாங்க.

கூர்பித்தன்

சரி, துரு? சென்னையில ஃபேன் காத்துல வச்சாலே செம்புள்ளி வருது. தேங்காய் எண்ணெய் போடறேன், பிசுபிசுன்னு ஆயிடுது.

உலோகன்

நாள்பட வச்சா சமையல் எண்ணெய் சிக்குப்பிடிக்குங்க. தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசா ஒரு துணித் தேய்ப்பு போதும். தோல் உறையில மாசக்கணக்கா வச்சுப் பூட்டாதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

இன்னொரு வழி, கறுக்க விட்டுடறது. வாழைச் சாறு, மாங்காய், காபிக் கொம்பு பட்டு வர்ற கறுப்பு துரு இல்லீங்க. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்றது. கடுக்காயும் அன்னபேதியும் போட்டு அந்தக் காலத்துல மை காய்ச்சினாங்களே, அதே சேர்க்கைதான். கெட்டியான கடுக்காய்க் கஷாயத்துல சுத்தமான அலகை ஊற வச்சா நீலக்கறுப்பா வரும். செந்துருவை முழுக்கத் தடுக்காது, ஆனா தாமதப்படுத்தும். வாய் ஓரத்துல செம்புள்ளி உக்காந்தா அங்க குழி விழும், அந்தக் குழியிலேர்ந்துதான் அப்புறம் பல் போகும். அதை மட்டும் உடனே எடுத்துருங்க.

சரித்திரம் விரும்பறவங்களுக்கு ஒரு துணுக்கு: பெக்கர் கத்திகளை முன்ன கமில்லஸ் ஆலை செஞ்சுட்டு இருந்தது. 2007-ல அந்த ஆலை மூடின பிறகுதான் கா-பாருக்கு வந்துச்சு. அப்ப போட்ட இரும்புக்கு வேற எண் இருந்தாலும் கலவை கிட்டத்தட்ட ஒண்ணுதான். "பழசு உசத்தி"ன்னு கூடுதல் விலை குடுக்காதீங்க.

மலைக்காட்டான்

வடகிழக்கு மழை முடிஞ்சு கத்தியைக் கழுவி வச்சேன், அதான் திரும்ப எழுதறேன்.

எல்லை எங்கன்னு பாக்கணும்னு பிடிப்பக்கத்தை வேணும்னே 0.4 வரைக்கும் இறக்கினேன். பச்சை மரத்துல அற்புதம், சீவல் ரிப்பன் மாதிரி நீளமா வருது. காய்ஞ்ச காபிக் கட்டையில சீவினப்போ ரெண்டு இடத்துல வாய் லேசா அலை அடிச்சிடுச்சு. காபி மரம் காய்ஞ்சா இரும்புக்குச் சமம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அலையை நிமித்திட்டு, முனையில மட்டும் 22 டிகிரி சுமாருக்கு நாலு இழு இழுத்து நுண்சரிவு போட்டேன். அதுக்கப்புறம் அதே கட்டையில ஒண்ணும் ஆகல. அதனால எனக்குக் கணக்கு இப்படி நிக்குது: பிடிப்பக்கம் 0.45-ஐ ஒட்டி, கூடவே நுண்சரிவு. நடுவுல 0.7-க்குக் கீழ போக மாட்டேன், அங்கதான் அடி விழுது.

ரூபன் ஊர்க் குளிருக்கு இந்த எண் செல்லாது. கருவேலம் வெட்டுற ஊருக்கும் செல்லுமான்னு சந்தேகம்.

ஸ்கார்பரோ_ரூபன்

நுண்சரிவு நானும் போட்டிருக்கிறன் அண்ணை, கார்பர்க்கின்ர ஸ்காண்டி வாய்க்கு, அதாவது ஒரே தட்டைச் சரிவா முடியிற வாய்க்கு. குளிர்காலத்துக்கு மட்டும். சித்திரை பிறக்க அதைத் தேய்ச்சு எடுத்திட்டுப் பழையபடி தட்டையா ஆக்கிப்போடுவன்.

புதுசு_கண்ணன்

உலோகன் சார், நீலம் வந்த ஓரத்தை எடுத்துட்டேன். உயரத்துல 1 மி.மீ.க்கு மேல போயிடுச்சு, நுனி கொஞ்சம் குட்டையாத் தெரியுது. ஆனா காய்ஞ்ச சவுக்குக் கணுவுல வெட்டினேன், வாய் நிக்குது. தோள் மொத்தமா ஆயிருச்சு, இப்ப அதைத்தான் மலைக்காட்டான் அண்ணன் சொன்னபடி இறக்கிட்டு இருக்கேன். மார்க்கர் பேனா பாதி தீந்துடுச்சு.

பட்டறை_செல்வம்

மலைக்காட்டான் அண்ணே, கருவேலத்துல சந்தேகம்னு சொன்னீகள்ல. மதுரைப் பக்கம் வந்தா அப்படியே பட்டறைக்கு வாங்க. உங்க கத்தி ஒரு பக்கம், என் அரிவாள் ஒரு பக்கம். ஒரே கட்டையில போட்டுப் பாத்துருவோம்.

மலைக்காட்டான்

தைப்பொங்கல் முடிஞ்சு வர்றேன். பிளக்கிறது, சீவுறது, வீச்சு மூணும் பாக்கணும். வீச்சுல நீங்கதான், அதை இப்பவே எழுதிக் குடுத்துடறேன்.

பட்டறை_செல்வம்

சரி. கட்டை நான் எடுத்து வைக்கிறேன், நல்லா காய்ஞ்சது. வெர்னியரை மறக்காம கொண்டாங்க, என் அரிவாளையும் அளந்துருவோம். அது எத்தனை மில்லின்னு எங்க அப்பாவுக்கே தெரியாது.